பியர்டட் டிராகனுக்கு கையடக்க மெஷ் நெபுலைசர்: மூச்சுத் தொற்று நேரத்துல எவ்வளவு உதவுது

முதல்லயே சொல்லிடறேன், பியர்டட் டிராகன்ங்கறது வீட்டுல வளக்கற ஒரு வகை பல்லி, நெபுலைசர்ங்கறது மருந்து நீரை நுண்ணிய ஆவியாக்கி மூச்சு வழியா உள்ள அனுப்பற மெஷின். மெஷின் நல்லா வேலை செய்யுது, ஆனா இது வைத்தியம் இல்ல, வைத்தியத்துக்கு ஒத்தாசை. அத புரிஞ்சு வாங்குனா கண்டிப்பா பிரயோஜனப்படும், டாக்டர்கிட்ட போகாமலே இத வச்சு சரி பண்ணிடலாம்னு நெனச்சு வாங்குனா உங்க டிராகனோட உயிருக்கே ஆபத்து. இந்த மாதிரி மெஷினுக்கு வர்ற ரிவியூ எல்லாமே மனுஷங்களோட ஆஸ்துமாவுக்கு வாங்குனவங்க எழுதுனதுதான், ஊர்வன வளக்கறவங்களுக்கு உதவுற மாதிரி ஒண்ணும் கண்ணுல படல, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எங்க டிராகனுக்கு மூச்சுத் தொற்று வந்தப்போ முதல்ல தெரிஞ்ச அறிகுறி வாய் திறந்திருந்ததுதான். இதுல நிறைய பேர் குழம்பறாங்க. பேஸ்கிங் லைட்டுக்கு, அதாவது சூடு காய வைக்கிற லைட்டுக்கு நேர் கீழ வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருந்தா அது சூட்டை வெளிய விடுது, அது நார்மல், பயப்பட ஒண்ணுமில்ல. அதே வாய் அது இருக்கற கண்ணாடி டேங்கோட குளுந்த பக்கத்துல இருக்கும்போதும் ராத்திரி லைட் அணைச்ச அப்புறமும் திறந்தே இருந்தா, கழுத்தை நீட்டி தலையை மேல தூக்கி மூச்சு வாங்குனா, காதை கிட்ட வச்சா கிளிக் கிளிக்னோ கரகரன்னோ சத்தம் வந்தா, மூக்கு ஓட்டையிலயோ வாய் ஓரத்துலயோ நுரை மாதிரி சளி தெரிஞ்சா, தாடி (தாடைக்கு கீழ இருக்கற முள்ளு முள்ளான தோல்) கறுத்து சாப்பாட்டை தொடாம சோர்ந்து கிடந்தா அன்னைக்கே கூட்டிட்டு போங்க. குளிப்பாட்டுன உடனே மூக்குல ஒரு குமிழி வந்து போறதும், தோல் உரியும்போது மூக்கு ஓட்டையில பழைய தோல் மாட்டிகிட்டு லேசா விசில் அடிக்கறதும் வேற விஷயம், அது கொஞ்ச நேரத்துலயோ தோல் விழுந்ததும் சரியாகிடும், ஆனா ஆள் சோர்ந்து இருந்தா அதுன்னு நெனச்சு விட்டுடாதீங்க.

சீக்கிரம் போகணும்னு ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, பல்லிக்கு நமக்கு இருக்கற மாதிரி உதரவிதானம் கிடையாது, சளியை இருமி வெளிய தள்ள அதால முடியாது, உள்ள சேர்ந்தது உள்ளயே தங்கி நிமோனியாவா போயிடும், அதோட இதுங்க நோவை கடைசி வரைக்கும் மறைச்சு வைக்கிற ஜீவன்கள், நம்ம கண்ணுக்கு தெரியும்போதே நோய் கொஞ்ச நாள் பழசாயிருக்கும்.

எங்க டாக்டர் எக்ஸ்ரே எடுத்தாரு, மூச்சுக்குழாய்ல இருந்து சாம்பிள் எடுத்து கல்ச்சருக்கு அனுப்புனாரு. எந்த கிருமி, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும்னு அதுலதான் தெரியும், ஏன்னா சூடோமோனாஸ் மாதிரி சில பாக்டீரியா பல மருந்துக்கு மசியாது, சிலதுக்கு காரணம் பாக்டீரியாவே இல்ல, பூஞ்சையா இருக்கும், இல்ல அடினோவைரஸ் மாதிரி ஒண்ணு எதிர்ப்பு சக்தியை குறைச்சதால மத்தது உள்ள நுழைஞ்சிருக்கும். எங்களுக்கு செஃப்டாசிடிம்ங்கற ஆன்டிபயாடிக் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒண்ணு, ஊர்வன உடம்புல அந்த மருந்து மெதுவாத்தான் வெளியேறும்ங்கறதால அந்த இடைவெளி. அதுகூட நெபுலைசரும் சேர்த்து எழுதிக் கொடுத்தாரு, அப்பதான் இத வாங்குனது.

இப்ப மெஷின் பத்தி. காத்தை அழுத்தி ஆவியாக்கற கம்ப்ரஸர் வகையும், அதிர்ற நுண்ணிய வலை வழியா ஆவியாக்கற மெஷ் வகையும் ரெண்டும் யோசிச்சு மெஷ் எடுத்தேன், காரணம் சத்தம். கம்ப்ரஸர் போடற கர்ர்ர் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் ஏற்கனவே மூச்சு திணறிட்டு இருக்கற டிராகன் இன்னும் மிரளும், மிரண்டா இன்னும் திணறும். இது கிட்டத்தட்ட சத்தமே இல்ல. அவன் பாட்டுக்கு டப்பாவுல கண்ணை மூடிட்டு படுத்திருந்தான். துளி அளவும் முக்கியம், 5 மைக்ரானுக்கு கீழ இருந்தாத்தான் நுரையீரல் வரைக்கும் போக வாய்ப்பு இருக்கு, ரூமுக்கு வைக்கிற ஹியூமிடிஃபையர் விடற புகை அதுக்கு ஆகாது, அது டப்பாவையும் தோலையும் நனைக்கிறதோட சரி, அத நெபுலைசருக்கு பதிலா வைக்காதீங்க. மெஷின் நல்லதா இருந்தாலும் பல்லி மெதுவா, விட்டு விட்டு மூச்சு விடும், எவ்வளவு மருந்து உள்ள போச்சுன்னு அளந்து சொல்லவே முடியாது. ஊசியை நிறுத்திட்டு இத மட்டும் நம்பக்கூடாதுங்கறதுக்கு இதுதான் காரணம். ஆனா ஆவி பட்டு சளி இளகறது நிஜம், கெட்டியா மூக்குல ஒட்டி இருந்தது தளர்ந்து வர்றத நானே பாத்தேன், அந்த நேரம் மூச்சு சத்தம் குறையும், அதுக்கே இத வாங்குனது தகும்னு நெனைக்கறேன்.

நாங்க பயன்படுத்துன முறை இது: மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, பக்கத்துல காத்து போக சின்ன ஓட்டைகள், நெபுலைசர் மாஸ்க்கை ஒரு ஓட்டையில பொருத்தி ஆவியை உள்ள விடறது, டாக்டர் சொன்ன 0.9 சதவீத சலைன் (உப்புக் கரைசல்), சொன்ன நிமிஷம் மட்டும், அப்புறம் நல்லா துடைச்சு நேரா பேஸ்கிங் இடத்துக்கு. டேங்குக்குள்ளயே வச்சு நெபுலைஸ் பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், டேங்க் முழுக்க ஈரம் ஏறிடும், ஈரமும் குளிரும் சேர்ந்ததுதான் நிறைய டிராகனுக்கு இந்த தொற்றையே கொண்டு வருது. ஆவி குளுமையாத்தான் வரும், டப்பா சீக்கிரம் ஜில்லுன்னு ஆகிடும், இதுதான் இந்த முறையில எனக்கு பிடிக்காத பெரிய விஷயம், அதனால கதகதப்பான ரூம்ல வச்சு பண்ணுங்க, ஒரு ப்ரோப் தெர்மாமீட்டர் டப்பாவுக்குள்ள போட்டு வைங்க.

சில டாக்டருங்க எஃப்10 எஸ்சி கிருமிநாசினியை 1 பங்குக்கு 250 பங்கு தண்ணி கலந்து நெபுலைஸ் பண்ண சொல்லுவாங்க, அது டாக்டர் சொன்னா மட்டும், அதோட எஃப்10 பேர்ல பல வகை விக்குது, சோப்பு கலந்ததும் இருக்கு, அதெல்லாம் மூச்சுக்குள்ள போகவே கூடாது, பாட்டில்ல எஸ்சின்னு இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. யூகலிப்டஸ், டீ ட்ரீ மாதிரி வாசனை எண்ணெய், நம்ம நெஞ்சுல தேய்க்கற தைலம் இதெல்லாம் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. திணறிட்டு இருக்கும்போது சிரிஞ்சுல சாப்பாடோ தண்ணியோ திணிக்காதீங்க, அது நேரா நுரையீரலுக்குள்ள போயிடும்.

மெஷினோட குறைகள்: கப்பு சின்னது. சாய்ஞ்சா ஆவி நின்னுடுது. வலைத்தட்டு சலைன் உப்பு படிஞ்சு சீக்கிரம் அடைச்சுக்குது, ஒவ்வொரு தடவையும் முடிஞ்ச உடனே டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி கொஞ்ச நேரம் ஓட விட்டு கழுவணும்னு பேப்பர்ல போட்டிருக்கு, ஆனா எங்க மாடல்ல வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனா கப்பு காலின்னு காட்டி ஆஃப் ஆகுது, ஏன்னா உப்பு இல்லாத தண்ணியில கரண்ட் பாயாது, சென்சாருக்கு அது தெரியல, ரெண்டு சொட்டு சலைன் சேர்த்தா ஓடுது, இத பேப்பர்ல ஒரு வரி எழுதியிருக்கலாம். வலையை விரலாலயோ பஞ்சாலயோ தொடாதீங்க, கிழிஞ்சா அவ்வளவுதான். டிராகன்கிட்ட சால்மொனெல்லா இருக்க வாய்ப்பு உண்டு, அதனால அதுக்குன்னு வாங்குன மெஷினை வீட்டுல இருக்கறவங்களுக்கு பயன்படுத்தவே கூடாது.

அதோட டேங்க் சூடு சரியில்லன்னா ஊசியும் வேலை செய்யாது இதுவும் வேலை செய்யாது, உடம்பு சூடு ஏறினாத்தான் அதோட எதிர்ப்பு சக்தியே ஓடும். பேஸ்கிங் மேற்பரப்பு 38ல இருந்து 42 டிகிரி செல்சியஸ், குளுந்த பக்கம் 24ல இருந்து 29, ஈரப்பதம் 30ல இருந்து 40 சதவீதம், இது சாதாரண நாளைக்கு, நோய் நேரத்துல ராத்திரி சூட்டை எவ்வளவு ஏத்தணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கண்ணாடியில ஒட்டற வட்ட முள்ளு மீட்டரை நம்பாதீங்க, டிஜிட்டல் ப்ரோப் வைங்க.

எங்க ஆளு இப்ப வாயை மூடிட்டு தூங்கறான், பூச்சியை துரத்தி பிடிக்கறான், கோர்ஸ் முழுசா முடிச்சு திரும்ப எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் தெளிவா இருக்குன்னு பாத்த அப்புறம்தான் நிறுத்துனோம், தெம்பு வந்துடுச்சுன்னு பாதியில நிறுத்துனா மருந்துக்கு தப்பிச்ச கிருமி திரும்ப பெருகும்.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், குறைச்ச ஒண்ணு வலை அடைப்புக்கும் அந்த சென்சாருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி வலை இருக்கற கப்பு தனியா கிடைக்குதான்னு கேட்டுக்கோங்க, பாதி சிகிச்சையில அடைச்சுகிட்டா புது மெஷின் வர்ற வரைக்கும் காத்திருக்க டிராகனால முடியாது.