ஸ்ட்ராபெர்ரி நாற்று என்று களைச்செடியை அனுப்புகிறார்கள், கவனம்

டிரம்மிலோ தொட்டியிலோ ஸ்ட்ராபெர்ரி வைக்க ஆன்லைனில் நாற்று தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். "பெரிய பழ ரகம், வேர் பிடித்த நாற்று" என்று விளம்பரம் போட்ட ஒருவர் எனக்கு அனுப்பியது ஸ்ட்ராபெர்ரியே இல்லை. பொட்டென்டில்லா இண்டிகா என்ற போலி ஸ்ட்ராபெர்ரி. தரையில் தானாகப் படர்ந்து கிடக்கும் செடி அது, பல இடங்களில் களை என்று பிடுங்கி எறிவார்கள்.

சாதாரணத் தொட்டி என்றால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு நடலாம். நான் செய்து வைத்திருந்தது சுற்றிலும் செடி நடும் பிளாஸ்டிக் டிரம். பக்கவாட்டில் கீறல் போட்டு, ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்கி, கட்டையை நுழைத்து, செடி வைக்க ஒவ்வொன்றாக வாய் பிதுக்கி எடுத்தேன். நடுவில் துளை போட்ட பிவிசி பைப். அது இல்லாவிட்டால் மேல் வரிசைக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கும், அடி வரிசை காய்ந்துவிடும். மண்ணை நிரப்பிக்கொண்டே வந்து ஒவ்வொரு வாயிலும் வேரை உள்ளே விட வேண்டும். குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகிப்போகும். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தது இந்தச் செடிக்காகவா என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இந்த ஏமாற்று வேலை நடப்பதற்குக் காரணம், நாற்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். இரண்டுக்கும் மூன்று சிற்றிலைகள், ஓரத்தில் பல் பல்லாக. இரண்டும் ஓடுதண்டு விடும், அதாவது தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் தண்டு. பூத்தால்தான் குட்டு வெளிப்படும், அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும்.

எனக்கு வந்த பூ மஞ்சள். ஸ்ட்ராபெர்ரி பூ வெள்ளையாக இருக்கும், அழகுக்காக உருவாக்கிய சில ரகங்களில் இளஞ்சிவப்பு உண்டு, மஞ்சள் கிடையாது. படம் எடுத்து அனுப்பினேன். "மண்ணில் சத்து பத்தவில்லை, பொட்டாஷ் போடுங்கள், அடுத்த பூ வெள்ளையாக வரும்" என்று பதில் வந்தது. எந்த உரம் போட்டாலும் அது வெள்ளையாகாது. தெரிந்தே சொன்ன பொய்.

அப்புறம் காயும் வந்தது. நல்ல சிவப்பு, கோலிக்குண்டு அளவு. ஆனால் நிஜ ஸ்ட்ராபெர்ரி தலை கவிழ்ந்து தொங்கும், விதைகள் சின்னச் சின்னக் குழிக்குள் பதிந்திருக்கும். இது வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. விதைகளும் சிவப்பாக, வெளியே துருத்திக்கொண்டு சொரசொரவென்று இருக்கின்றன. கடித்தால் இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, வாசனையும் இல்லை. விஷம் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

விடாமல் கேட்டதற்கு, சமாதானமாக "நீல ஸ்ட்ராபெர்ரி விதை" இலவசமாகத் தருகிறேன் என்றார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். நீல ஸ்ட்ராபெர்ரி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை, படத்தில் நிறம் மாற்றி விற்கிறார்கள். இன்னொன்று, இன்று நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெர்ரி 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில், வட அமெரிக்க இனம் ஒன்றும் தென் அமெரிக்க இனம் ஒன்றும் கலந்து பிறந்த கலப்பினம். பெரும்பாலான ரகங்களில் விதை போட்டால் தாய்ச்செடியின் பழம் அப்படியே வராது. அதனால்தான் ஓடுதண்டிலிருந்து நாற்று எடுக்கிறார்கள். ஆகவே, பெயர் பெற்ற ரகத்தின் பழத்தை விதையிலிருந்தே தருவதாகச் சொன்னால் அங்கேயே உஷாராகுங்கள்.

சரி, டிரம்முக்கு வருகிறேன். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் செடியை மட்டும் உருவ முடியவில்லை. மண் முழுவதையும் கொட்டிச் சலிக்க வேண்டியதாயிற்று. ஓடுதண்டுகள் பக்கத்துத் தொட்டிகளிலும் இறங்கி வேர்விட்டிருந்தன. கணுவில் துண்டு வேர் மிச்சமிருந்தாலும் திரும்ப முளைக்கிறது, இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

வாங்குவதாக இருந்தால் ரகத்தின் பெயரைக் கேளுங்கள். எந்தத் தாய்ச்செடியிலிருந்து நாற்று எடுத்தார்களோ அதன் பூவையும் இலையையும் ஒரே படத்தில் கேளுங்கள். வெட்டி வைத்த பழத்தின் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினால் விட்டுவிடுங்கள். பழம் சாப்பிட்டுப் பார்த்த தோட்டக்காரர் யாராவது ஓடுதண்டு நாற்று தந்தால் அதைவிட நல்லது வேறில்லை. டிரம்மில் நடும் முன் ஒரு செடியையாவது தனித் தொட்டியில் வைத்துப் பூ பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் "செடி சரியாக வளரவில்லை" என்று புகார் எழுதாதீர்கள், பராமரிப்புக் குறை என்று உங்கள் தலையிலேயே கட்டிவிடுவார்கள். "விளம்பரத்தில் சொன்ன பொருள் வேறு, வந்தது வேறு" என்று எழுதி, மஞ்சள் பூவின் படத்தை இணைத்து, விற்பனைத் தளத்துக்கும் பணம் கட்டிய வங்கிக்கும் அனுப்புங்கள். தளம் கைவிரித்துவிட்டது, என் விமர்சனத்தையும் நீக்கிவிட்டார்கள். வங்கி வழியாகத்தான் எனக்குப் பணம் திரும்பி வந்தது.