சிர் பைனா, சில்கோசாவா: வறண்ட மலைச்சரிவுக்கு எது?

வறட்சி தாங்கும் மலைப் பைன் எது என்று விசாரித்தால், இமயமலைப் பக்கம் இரண்டு பெயர்கள் காதில் விழும். சிர் பைன் ஒன்று, தின்னும் பருப்பு தருகிற சில்கோசா இன்னொன்று. ஆனால் இரண்டும் தாங்குகிற வறட்சி வேறு வேறு.

சிர் பைன் உத்தராகண்ட், இமாச்சல் மலைகளில் சுமார் 500 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் வரை காடுகாடாக நிற்கும். ஏப்ரல், மே வெயிலுக்கு அசராது. அதற்குப் பிறகு பருவமழை வந்தாக வேண்டும். சில்கோசாவுக்கு அந்த மழையே சரியாக எட்டாது. இமாச்சலின் கின்னௌர் மாவட்ட உள்பள்ளத்தாக்குகளில், 1,800 மீட்டருக்கு மேல், மழை மறைவுச் சரிவுகளில் பாறை இடுக்கில் வேர்விட்டு, குளிர்காலப் பனி உருகும் ஈரத்தை நம்பி வாழ்கிற மரம் அது. என்னைக் கேட்டால் வறட்சிப் பட்டம் சில்கோசாவுக்குத்தான்.

அடையாளம் காண ஊசியிலைகளை எண்ணினால் போதாது. இரண்டிலும் கொத்துக்கு மூன்றுதான். (ஐந்து இருந்தால் அது கைல் பைன், ஈரம் அதிகம் கேட்கும், இந்தப் போட்டியில் இல்லை.) நீளத்தைப் பாருங்கள். சிர் ஊசி 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீண்டு தொங்கும். சில்கோசா ஊசி 6 முதல் 10 சென்டிமீட்டர், விறைப்பாக நிற்கும். ஒரு கொத்தைக் கிள்ளி அடிப்பகுதியைக் கவனியுங்கள்: சிர் பைனில் பழுப்பு நிற உறை ஒட்டிக்கொண்டே இருக்கும், சில்கோசாவில் உதிர்ந்துபோயிருக்கும். பட்டையைப் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது. சிர் பட்டை தடித்து, ஆழமாக வெடித்து, செம்பழுப்பாக இருக்கும். சில்கோசா பட்டை கொய்யா மரம்போல மெல்லிய செதிலாக உரிந்து, சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும்.

வளர்ப்பதில் சிர் சுலபம். இறக்கை வைத்த சின்ன விதை, வசந்தத்தில் விதைத்தால் முளைத்துவிடும். நல்ல வெயில், நீர் தேங்காத மண், இவ்வளவுதான் கேட்கும். சில்கோசா பொறுமையைச் சோதிக்கும். கடையில் வாங்கும் வறுத்த பருப்பு முளைக்காது. புதிய பச்சை விதை வேண்டும். அதையும் எலியும் பறவையும் விட்டுவைக்காது என்பதால் நாற்றங்கால் மேல் வலை கட்டாயம். ஆணிவேர் சீக்கிரம் இறங்கும், ஆகவே ஆழமான பை வேண்டும். பாசமாகத் தண்ணீர் ஊற்றினால் நாற்றழுகல் வந்து சாகும். பழைய பைன் மரத்தடி மண் ஒரு கைப்பிடி கலப்பது இரண்டுக்கும் நல்லது. வேருக்குத் துணையான பூஞ்சை அதில் இருக்கும்.

சிர் பைனின் சங்கடம் நெருப்பு. உதிர்ந்த ஊசிகள் கோடையில் மெத்தையாகக் கிடந்து எளிதில் பற்றும். தடித்த பட்டையால் பெரிய மரம் தப்பும், மற்ற செடிகள் தப்பாது. வீட்டை ஒட்டிய சரிவில் நான் இதை நட மாட்டேன்.

சில்கோசாவின் சங்கடம் அதன் பருப்புக்கு இருக்கிற விலை. கூம்பு விரியும் முன்பே மொத்தமாகப் பறித்துவிடுவதால் தானாக விழுந்து முளைக்க விதை மிஞ்சுவதில்லை. அதனால் கின்னௌர் போன்ற வறண்ட, குளிர்ந்த உயரத்தில் நிலம் இருப்பவர்கள், காய்க்கப் பல வருடம் ஆனாலும் பரவாயில்லை என்று சில்கோசாவையே நடலாம். பருவமழை பெறும் தாழ்ந்த சரிவு என்றால் சிர் போதும், ஊசிகளைக் கோடைக்கு முன் கூட்டி அள்ளுவதற்கு ஆள் இருந்தால்.