சட்டம் மாறினால் முதலில் சொல்வது யார்?

ஈரோட்டில் 22 பேரை வைத்துச் சட்டை தைக்கும் யூனிட் எங்களுடையது. சட்டம் மாறுவது எங்களுக்குத் தெரிய வாட்ஸ்அப், ஆடிட்டர், பில்லிங் சாஃப்ட்வேர், தொழிலாளர் கன்சல்டன்ட் என்று சில வழிகள் உண்டு; எது எதற்கு உதவும் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது அந்தச் சேதி என்னிடம் வந்து சேர்ந்த வரிசையைச் சொன்னாலே பாதி ஒப்பீடு முடிந்துவிடும்.

முதலில் வந்தது வாட்ஸ்அப். 3ஆம் தேதி இரவு கவுன்சில் கூட்டம் முடிந்த கையோடு ஃபார்வர்டு வந்துவிட்டது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள ரெடிமேட் உடைக்கு 12 சதவீதம் என்பது போய், 2,500 வரை 5, அதற்கு மேல் 18. எல்லாம் சரிதான், ஆனால் "உடனே அமல்" என்று யாரோ சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே ஒரு கடைக்காரர் போன் செய்து 5 சதவீதத்தில் பில் கேட்டார். அமலுக்கு வந்தது 22ஆம் தேதி. நடுவில் இருந்த அந்த 18 நாளும் விளக்கம் சொல்லியே போயிற்று.

ஆடிட்டர் தானாக அழைக்கவில்லை. நான் கேட்ட பிறகு ஐந்தே நிமிடத்தில் தெளிவாகச் சொன்னார். பில்லிங் சாஃப்ட்வேரோ எதுவும் சொல்லவில்லை. 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து ஒவ்வொரு ஐட்டமாக ரேட்டை நாங்கள்தான் மாற்றினோம்.

வேகத்தில் வாட்ஸ்அப், சரியான பதிலுக்கு ஆடிட்டர். ஆனால் ஆடிட்டரின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்தது 2024 மார்ச்சில். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் (எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்) பணம் தராமல், வருடக் கடைசியிலும் அது பாக்கியாக இருந்தால் அந்த வருட வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி வந்த சமயம். பாக்கி எல்லாவற்றையும் 31ஆம் தேதிக்குள் அடைத்துவிடச் சொல்லி வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூச்சல். ஆடிட்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவங்க உத்யம் சான்றிதழ்ல உற்பத்தின்னு இருக்கா, வியாபாரம்னு இருக்கா?" உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. துணி வாங்கிய கடை வெறும் வியாபாரி, விதி அவருக்குப் பொருந்தாது. எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்தவருக்குப் பொருந்தும். யாருக்கு முதலில் செக் எழுதுவது என்பது அப்போதே தெளிவானது. எந்த ஃபார்வர்டும் இந்தக் கேள்வியைக் கேட்காது.

தொழிலாளர் பக்கம் வந்தால் கதை வேறு. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் எங்களுக்குத் தனி கன்சல்டன்ட். அவருக்கு வருமான வரி தெரியாது, ஆடிட்டர் பிஎஃப் சலானை (பணம் கட்டும் சீட்டை) பார்ப்பதே ரிட்டர்ன் போடும்போதுதான். இந்த இருவருக்கும் நடுவில்தான் என் பணம் விழுந்தது. 2023இல் ஒரு மாதம் சலான் கடைசி நாளான 15ஆம் தேதி இரவு வந்தது, நான் 16 காலையில் கட்டினேன். தொழிலாளியிடம் பிடித்த பங்கை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் அது செலவாகாது என்று 2022 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏறக்குறைய 40,000 ரூபாய் வருமானத்தில் ஏறியது. 30 சதவீத வரி என்றால் 12,000 போச்சு. கன்சல்டன்டைக் கேட்டால், "வட்டி சில நூறு ரூபாய்தானே சார்" என்றார். அவர் பார்வையில் அதுவும் சரிதான்!

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தபோதும் குழுவில் ஓடியது "கைக்கு வரும் சம்பளம் குறையும்" என்ற பயம் மட்டும்தான். என் யூனிட்டுக்கு முக்கியமானவை வேறு இரண்டு: எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும், ஆள் தானாக விலகினாலும் இரண்டு வேலை நாளில் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பாமல் போனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்ற பழக்கம் இனி நடக்காது. இதை மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் தளத்தில் நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆங்கிலம் கொஞ்சம் இழுத்தது, ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

சாஃப்ட்வேரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கும்போது 194சி பிரிவு என்று எழுதிப் பழகிய கைக்கு இனி 393. இப்படி எண் மாறுவது, படிவம் மாறுவது எல்லாம் அப்டேட்டில் வந்துவிடும். முடிவெடுக்கும் விஷயத்துக்கு அது உதவாது.

பத்துப் பேருக்குக் கீழே இருக்கும் கடை என்றால் ஆடிட்டரும் சாஃப்ட்வேரும் போதும், தனி கன்சல்டன்ட் வேண்டாம் என்பேன். இஎஸ்ஐ பத்துப் பேரிலும் பிஎஃப் இருபது பேரிலும்தான் தொடங்குகிறது. இருபதைத் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு ஆடிட்டர், கன்சல்டன்ட் இருவரும் வேண்டும். நான் இப்போது இருவரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன், மூன்றே பேர். மாதம் 12ஆம் தேதிக்குள் பிஎஃப் சலான் அதில் வந்துவிட வேண்டும். போன மாதம் 13 ஆனது. ஆடிட்டரே கேட்டுவிட்டார்.