யார் நாக்கை நம்புவது? பிரிட்டன் பப், பிரெஞ்சு உணவகம்: மதிப்புரைகள் ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் ஒரு பப்பையோ பிரான்சில் ஓர் உணவகத்தையோ தேர்ந்தெடுக்கப் போகிறவருக்கு மூன்று வகைச் சாட்சிகள் கிடைக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு அடையாளம் காட்டாமல் சாப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளர் ஒருவர். சொந்தக் காசில் சாப்பிட்டுவிட்டு ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்பும் வாடிக்கையாளர் இன்னொருவர். கைபேசியில் நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகும் முகம் தெரியாத ஆள் மூன்றாமவர். இவர்களில் யாரை நம்புவது என்று கேட்டால், தயங்காமல் இரண்டாமவரைக் காட்டுவேன். பிரிட்டனில் அந்த மரபு வலுவாக இருக்கிறது. பிரான்சில் ஆய்வாளர் மரபு அதை நிழலில் தள்ளிவிட்டது. அதனால் இரண்டு நாட்டிலும் ஒரே முறையில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மிச்செலின் டயர் நிறுவனம் 1900-இல் வாகன ஓட்டிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கையேடுதான் பிரெஞ்சு மரபின் தொடக்கம். 1926-இல் நட்சத்திரம் வந்தது. 1930-களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிநிலை வந்தது. அதன் ஆய்வாளர்கள் பெயர் சொல்லாமல் வந்து, முழு பில்லையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒழுக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் தீர்ப்பு தருகிறார்களே தவிர, அதற்கான காரணத்தைத் தருவதில்லை. 2019-இல் மார்க் வேரா என்ற புகழ்பெற்ற சமையலர் மூன்றாவது நட்சத்திரத்தை இழந்தார். தன் சூஃப்லேயில் ஆங்கிலேயச் செடார் பாலாடைக்கட்டியைக் கலந்ததாக ஆய்வாளர் தவறாக நினைத்துவிட்டார் என்று கொதித்து, காரணத்தை வெளியிடக் கோரி வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வளவு பெரிய சமையலருக்கே கிடைக்காத விளக்கம், இரவு உணவுக்கு நூறு யூரோ எடுத்து வைத்திருக்கும் நமக்கு எப்படிக் கிடைக்கும்? நட்சத்திரம் தட்டில் இருப்பதை மட்டுமே அளக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இருக்கை நெருக்கமா, குழந்தையோடு போனால் முகம் சுளிப்பார்களா என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை.

பிரிட்டனின் உணவகக் கையேடான குட் ஃபுட் கைடு இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து பிறந்தது. போர் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். 1954 வரை அது நீடித்தது. உணவகச் சாப்பாடு வாயில் வைக்க முடியாததாக இருந்தும் யாரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை. வரலாற்றாசிரியரும் சோஷலிசப் பத்திரிகையாளருமான ரேமண்ட் போஸ்ட்கேட்டுக்கு இது பொறுக்கவில்லை. நாடெங்கும் உள்ள சாதாரண மக்களிடமிருந்து அனுபவக் குறிப்புகளைத் திரட்டி, 1951-இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். எழுதி அனுப்புகிறவருக்கு உணவகத்தோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது; உணவகத்திடம் பணமோ விளம்பரமோ வாங்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளைத்தான் நேர்மையின் முதுகெலும்பாக நான் பார்க்கிறேன். ஒரே இடத்தைப் பற்றிப் பலர், பல மாதங்களில், பல மேசைகளிலிருந்து எழுதுகிறார்கள். ஆய்வாளர் போய்ச் சரிபார்க்கிறார். ஆசிரியர் சலித்தெடுக்கிறார். இப்போது அது இணையத்துக்கு மாறிவிட்டாலும் வாசகர் குறிப்புகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது. எழுதுகிறவர்கள் குறைந்த ஊர்களில் பதிவும் குறையும் என்பது இந்த முறையோடு கூடப் பிறந்த குறை.

பப் என்று வந்துவிட்டால் உள்ளூர்க்காரரை விஞ்சிய சாட்சியே கிடையாது. பீப்பாயிலேயே நொதித்து முதிரும் ஏல் என்ற மரபான பீர், நிலவறையில் 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; பீப்பாயைத் திறந்த பிறகு சில நாட்களில் தீர வேண்டும். திங்கட்கிழமை அருமையாக இருந்தது வெள்ளிக்கிழமை புளித்துப் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வாளரால் இதை எப்படிச் சொல்ல முடியும்? மரபான ஏலுக்காகக் குரல் கொடுக்க 1971-இல் தொடங்கிய கேம்ரா என்ற நுகர்வோர் அமைப்பின் கிளை உறுப்பினர்கள் தங்கள் வட்டாரப் பப்புகளுக்கு மீண்டும் மீண்டும் போய் பீருக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 1974 முதல் வரும் குட் பீர் கைடு அந்தத் தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்கிறது. உணவைப் பற்றி அது அதிகம் பேசாது. லண்டன் ஃபாரிங்டனில் 1991-இல் தி ஈகிள் தொடங்கிவைத்த, நல்ல சமையலுள்ள பப் என்ற வகை இன்று நாடெங்கும் இருக்கிறது. மார்லோவின் ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ் 2012-ஆம் ஆண்டு மிச்செலின் கையேட்டில் இரண்டு நட்சத்திரம் பெற்ற முதல் பப் ஆனது. எனவே பீருக்கு கேம்ராவையும் சாப்பாட்டுக்கு வேறொருவரையும் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சாட்சியின் பலவீனம் 2017-இல் ஊரறிய வெளிப்பட்டது. லண்டன் டல்விச்சில் ஒரு பத்திரிகையாளர், தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற மதிப்புரைத் தளத்தில் பதிந்து, நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுதவைத்தார். அதுவரை அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை. ஆனாலும் அது லண்டனின் முதலிடத்தைப் பிடித்தது. பிரிட்டனில் போலி மதிப்புரைகளுக்கு எதிரான சட்டம் 2025 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸ் முந்திக்கொண்டது: மதிப்புரைகளைச் சரிபார்க்கிறோமா இல்லையா என்பதைத் தளங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி அங்கே 2018 முதல் இருக்கிறது. பாரிசில் 2007-இல் தொடங்கிய தி ஃபோர்க் தளத்தில், அதன் வழியாக மேசை பதிவு செய்து சாப்பிட்டவர்தான் எழுத முடியும். திறந்தவெளி நட்சத்திரத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மதிப்பெண்கள் 10-க்கு 9-ஐ ஒட்டியே குவிந்து கிடப்பதால், எண்ணைத் தள்ளிவிட்டு எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

கடுமையாக எழுதுவதற்கும் பிரான்சில் ஒரு விலை இருக்கிறது. கேப் ஃபெரே கடற்கரையில் தவிர்க்க வேண்டிய உணவகம் என்று பெயரைத் தலைப்பிலேயே போட்டு எழுதிய ஒரு வலைப்பதிவருக்கு, 2014-இல் போர்தோ நீதிமன்றம் 1,500 யூரோ இழப்பீடு விதித்தது. தலைப்பையும் மாற்றச் சொன்னது. தன் காசில் சாப்பிட்டவர் தன் அனுபவத்தைச் சொன்னதற்கு இந்தத் தண்டனை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

குறை சொல்லும் மதிப்புரைகளில்தான் உண்மை அதிகம் இருக்கிறது. அவற்றைப் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். பில் கொண்டுவரவே இல்லை, இரண்டரை மணிக்குச் சமையல்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று பிரெஞ்சு உணவகத்தைத் திட்டுகிறவர் ஊர் வழக்கத்தைத் திட்டுகிறார். கேட்காமல் பில் வைப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. ஆண்டுயெட் என்ற தொத்திறைச்சி நாறுகிறது என்று எழுதுகிறவருக்கு அது பன்றிக்குடலில் செய்யப்படுவது என்று தெரிந்திருக்கவில்லை. பப்பில் மேசைக்கு யாரும் வரவில்லை என்ற புலம்பலும் இதே ரகம். அங்கே நாம்தான் எழுந்து போய்க் கவுன்ட்டரில் சொல்ல வேண்டும். இவற்றைக் கழித்த பிறகும், ரோஸ்ட் மீண்டும் சூடாக்கப்பட்டது, வாத்துக்கறி பொட்டலத்திலிருந்து வந்தது என்று வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஆட்கள் சொல்லியிருந்தால், அந்த வாசலை மிதிக்க மாட்டேன். வீட்டுத் தயாரிப்பு என்ற பிரெஞ்சு அரசு முத்திரை 2014 முதல் இருக்கிறது. உறையவைத்த மூலப்பொருளையும் அது அனுமதிப்பதால் இந்த இடத்தில் பெரிதாக உதவாது. பிரான்சில் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதை மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடாவது படியுங்கள். சுற்றுலாப் பயணி ஒருமுறை வருகிறார். அவர்கள் அடுத்த வாரமும் வருகிறார்கள்.

விலை பற்றிய புகார்களிலும் கணக்கு வேறுபடும். பிரெஞ்சு மெனுவின் விலைக்குள் சேவைக் கட்டணம் அடங்கியிருக்கிறது. ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் தனிக் காசு இல்லை. லண்டன் உணவகத்தில் பெரும்பாலும் 12.5 சதவீதச் சேவைக் கட்டணம் கடைசியில் ஏறும். விருப்பக் கட்டணம் என்று குறித்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். சுத்தத்தைப் பொறுத்தவரை பிரிட்டன் எளிது: இங்கிலாந்திலும் வேல்சிலும் 0 முதல் 5 வரையிலான அரசு மதிப்பெண் பெரும்பாலும் கதவிலேயே ஒட்டியிருக்கும், வேல்சில் ஒட்டுவது கட்டாயம். பிரான்சில் அலிம்கான்ஃபியான்ஸ் என்ற அரசுத் தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நட்சத்திரமும் கையேடும் அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. பிரெஞ்சு வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் கொதிக்கிறது. பப்பில் சைவ ரோஸ்ட்டோடு வரும் யார்க்‌ஷயர் புட்டிங் மாட்டுக் கொழுப்பில் சுட்டதாக இருக்கலாம். மேலே ஊற்றும் கிரேவியும் அப்படியே. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிவைப்பவர் நமக்கு முன்னால் அங்கே உட்கார்ந்த இன்னொரு சைவக்காரர் மட்டுமே. அவர் எழுதியது கண்ணில் படாவிட்டால், மேசை பதியும்போதே உணவகத்திடம் எழுதிக் கேட்டுவிடுகிறேன். பதில் தெளிவாக வராத இடத்துக்குப் போவதில்லை.