சுங்குடி வாங்கும் முன் சேலையைத் திருப்பிப் பாருங்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் ஏறி "சுங்குடி காட்டுங்க" என்று கேட்டால், மேசையில் வந்து விழுவது மூன்று வகைச் சரக்கு. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்தது ஒன்று. அச்சுக்கட்டையால் மெழுகு வைத்துச் சாயமேற்றியது இன்னொன்று. மூன்றாவது வெறும் ஸ்கிரீன் பிரிண்ட். மூன்றிலும் புள்ளி உண்டு, மூன்றுக்கும் பெயர் சுங்குடிதான். ஆனால் விலையும், சாயம் நிற்கும் விதமும், பெட்டிக்குள் மடித்து வைத்தால் தாங்கும் விதமும் வேறு வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தினமும் உடுத்தவும் ஊர் ஊராகப் போகவும் சேலை வேண்டுமென்றால் மெழுகு அச்சுச் சுங்குடி போதும். கை முடிச்சில் ஆசை என்றால் அதைத் துப்பட்டாவாக வாங்குங்கள். ஸ்கிரீன் பிரிண்ட்டை பிரிண்ட் சேலை விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம், ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

கை முடிச்சு மதுரைச் சௌராஷ்டிரர்களின் தொழில். வெளுத்த பருத்தித் துணியை மடித்து, புள்ளி விழவேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு குறியிலும் நகத்தால் துணியைக் கிள்ளித் தூக்கி நூலை இறுகச் சுற்றுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவது, உலர்த்துவது, கட்டை அவிழ்ப்பது. நூல் இறுக்கிய இடத்துக்குள் சாயம் போகாததால் அங்கே புள்ளி நிற்கும். ஒரு சேலைக்கு 10,000 புள்ளி, ஒரு முடிச்சுக்கு 6 நொடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையை எடுக்காமல் போட்டாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உண்மையில் யாரும் அப்படி ஒரே மூச்சில் உட்கார்ந்து போட முடியாது. ஆகவே எண்ணூறு ரூபாய்ச் சேலையை "கையில கட்டினதுதாங்க" என்று ஒருவர் நீட்டினால், கணக்கு உதைக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கடைப் பேச்சில் சுங்குடி என்ற சொல் இன்னும் எல்லாவற்றுக்கும் பொதுதான். எனவே அட்டையைப் படிப்பதை விடத் துணியைப் படிப்பது நல்லது. முதல் வேலை, சேலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது. ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். மெழுகிலும் முடிச்சிலும் சாயம் துணியை ஊடுருவியிருக்கும், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த இரண்டுக்குள் எது என்று அறியப் புள்ளியை உற்றுப் பார்க்க வேண்டும். கை முடிச்சில் இரண்டு புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. வட்டம் சற்றுக் கோணியிருக்கும், சில புள்ளிகளின் நடுவில் கடுகளவு சாயம் ஏறியிருக்கும், துணி அங்கே குமிழ்போல மேடிட்டிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். மெழுகு அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். கட்டை முடிந்து மறுபடி வைத்த இடத்தில் ஒரு நூலிழை இடைவெளியோ ஏறலோ தெரியும். அந்தப் பிசகு கைவேலை என்பதற்கு அத்தாட்சி, அதைக் குறையாகச் சொல்லி விலை குறைக்கக் கேட்காதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அவிழ்க்காத முடிச்சோடு ஒரு துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். முடிச்சுச் சரக்கு வைத்திருப்பவர் உற்சாகமாக எடுத்து வருவார்.

மெழுகு அச்சில் எது கெட்டுப்போகிறது, ஏன் என்று தெரிந்தால் கடையிலேயே பாதிப் பிரச்சினையை விட்டுவிட்டு வரலாம். மெழுகு போதுமான சூட்டில் இருந்தால்தான் துணியின் மறுபக்கம் வரை இறங்கும். ஆறிப்போன மெழுகு மேலோடு நின்றுவிடும். அப்போது முன்பக்கம் புள்ளி கூர்மையாகவும் பின்பக்கம் கலங்கியும் இருக்கும். இன்னொன்று, மெழுகு உருகிவிடக் கூடாது என்பதால் சாயத் தொட்டியைக் கொதிக்கவைக்க முடியாது. குளிர்ந்த நீரில் பிடிக்கும் சாயங்களைத்தான் எடுத்தாக வேண்டும். சிவப்பு, அரக்கு நிறங்களுக்கு நாப்தால் சாயம் போடும் வழக்கம் அப்படி வந்தது. நாப்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் கடைசியில் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அலசும் வேலையைச் சுருக்கிவிட்டால், இழைக்குள் போகாமல் மேலே ஒட்டிக்கொண்ட துகள்கள் அப்படியே தங்கிவிடும். நனைந்த வெள்ளைக் கைக்குட்டையால் சேலையின் உள்மடிப்பைப் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். லேசான ரோஜா நிறம் ஏறினால் பரவாயில்லை, இரண்டு துவைப்பில் நின்றுவிடும். கைக்குட்டை சிவந்துவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

அதே கொதிநீர் அலசல்தான் மெழுகையும் எடுக்கிறது. சரியாக எடுக்காத துணி அட்டைபோல விறைப்பாக இருக்கும். கஞ்சி விறைப்பு முதல் நனைப்பிலேயே போய்விடும், மெழுகு விறைப்பு போகாது. வாங்கிவிட்டீர்கள் என்றால், அந்த இடத்தின் மேலும் கீழும் அச்சில்லாத வெள்ளைத் தாளை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். நாளிதழ் வேண்டாம், மை ஒட்டும்.

கரையும் முந்தியும் உடலும் வேறு வேறு நிறமாக இருக்கும் சேலையில், ஒரு பகுதியை மூடிக் கட்டிவிட்டு மற்றதை முக்கியிருப்பார்கள். கட்டு தளர்ந்திருந்தால் எல்லையில் நிறம் கசிந்து தீவு தீவாகத் தெரியும். விரித்து நீளம் முழுக்க ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி, ஆறு மீட்டரைப் பிரித்து மடிப்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

இனி நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும். 60-ஆம் நம்பர் நூலில் நெய்தது கனமாக, மறைவாக, நெடுநாள் உழைக்கும். 80 நடுத்தரம். 100 மிருதுவாக இருக்கும், கோடைக்கு அருமை, ஆனால் ஒற்றை மடிப்பில் கை விரல்கள் தெரியும். பயணத்துக்கு 80 போதும். அதற்கு மேல் போனால் உள்பாவாடை நிறத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள். சாயவேலை கையால் செய்ததாக இருந்தும் அடித்துணி விசைத்தறியில் வந்ததாக இருக்கலாம். கைத்தறித் துணியே வேண்டும் என்பவர்கள் 2006-இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆனால் அந்த முத்திரை நெசவைப் பற்றித்தான் பேசுகிறது, புள்ளியைப் பற்றி அல்ல.

முதல் துவைப்பு விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் உண்டு. கல் உப்பில் ஓரிரவு ஊறவைக்க வேண்டும் என்பது அதில் முதல். உப்பு சாயத்தைப் பூட்டிவைக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. ஒழுங்காக ஏறாத சாயம் உப்பு நீரில் கொஞ்சம் தயங்கும், அடுத்த நல்ல நீரில் கிளம்பிவிடும். ஊறவைப்பதுதான் உண்மையான ஆபத்து. கிளம்பிய சாயம் தண்ணீரிலேயே நின்று வெள்ளைப் புள்ளியில் போய்ப் படியும். புள்ளி ரோஜா நிறமாகிப் போன சுங்குடிகளில் முக்கால்வாசி வாளியில் கெட்டவை. சரியான முறை எளிது: நிறையக் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்புத் தூள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு தடவை மாற்றி அலசல். முறுக்கிப் பிழியாமல் அமுக்கித் தண்ணீரை எடுத்து, உடனே விரித்து நிழலில் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைக்கவே கூடாது.

பயணத்தில் சறுக்குவதும் இங்கேதான். காலையில் அலசிய சேலை காயவில்லை, அறையைக் காலி செய்ய வேண்டும் என்று பாலித்தீன் பையில் திணித்தால் மாலைக்குள் மடிப்புக்கு மடிப்பு சாயம் இறங்கியிருக்கும், மறுநாள் பூஞ்சை வாடையும் சேரும். வேறு வழியில்லை என்றால் உலர்ந்த துண்டை நடுவில் வைத்துச் சுருட்டி, இறங்கியவுடன் முதல் வேலையாக விரியுங்கள். பயணத்துக்கு எடுத்துப்போகும் சேலைக்குக் கஞ்சி போடவே வேண்டாம். கஞ்சி போட்டது காய நேரம் எடுக்கும், மடிப்பில் கோடு விழும், அந்தக் கோடு ரயில் பெட்டியிலும் மறையாது. கஞ்சி இல்லாத 80 நம்பர்ச் சுங்குடி மின்விசிறிக் காற்றிலேயே இரவுக்குள் காய்ந்துவிடும், மழைக்கால ஊர்களில் கொஞ்சம் கூடுதலாகும். மேலே நிறையப் புள்ளி இருப்பதால் டீக்கறையும் தூசியும் கண்ணில் படாது. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை, வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

முடிச்சுத் துப்பட்டாவை ஏன் சொன்னோம் என்றால் அதற்கு இஸ்திரி தேவையே இல்லை. குமிழும் சுருக்கமும்தான் அதன் அழகு, இஸ்திரிப் பெட்டி பட்டால் அது சாதாரணப் புள்ளித் துணி ஆகிவிடும். இரண்டரை மீட்டர்த் துணி, பையின் மூலையில் முறுக்கி வைத்தால் அப்படியே கிடக்கும். வெயிலில் தலைக்கு, ஏசி பஸ்ஸில் போர்வைக்கு, கோயில் வாசலில் தோளுக்கு. சேலையில் இதே முடிச்சு இடுப்பில் மடிப்பு எடுக்கும்போது உப்பலாக நிற்கும், நாள் முழுக்க இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விலையிலும் சேலைக்கும் துப்பட்டாவுக்கும் நடுவே பெரிய பள்ளம்.

குர்த்தா, நைட்டி தைக்கத் துணியாக எடுப்பவர்கள் தைக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து விடுங்கள். பருத்தி நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினாலே 110 செ.மீ. குர்த்தா நான்கு செ.மீ. மேலே ஏறிவிடும். சுங்குடி நைட்டியைக் கேலி செய்பவர்கள் உண்டு. மே மாதத்தில் மதுரையில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

சுங்குடியோடு எதை அணிவது? புள்ளி நிறைந்த துணிக்குத் தங்க முலாம் பூசிய நகை இரைச்சலாகத் தெரியும். சுடுமண் நகை பொருந்தும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். சுடாத களிமண்ணை உலரவைத்து வண்ணமடித்து அதையும் டெரகோட்டா என்றே விற்கிறார்கள். நகத்தால் தட்டினால் நன்றாகச் சுட்டது கணீரென்று பேசும், சுடாதது மொத்தையாக ஒலிக்கும். வண்ணம் படாத பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சுட்ட மண் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும், சுடாதது வழவழவென்று கரையும். வியர்வையிலும் அதே கதிதான்.

ஜிமிக்கி ஒரு காதுக்குப் பத்து கிராமுக்குள் இருக்கட்டும். சமையலறைத் தராசிலேயே பார்த்துவிடலாம். உள்ளே குடையாத ஜிமிக்கி இதைத் தாண்டிவிடும், ஐந்து மணி நேரப் பஸ் குலுக்கலில் காது மடல் சிவந்துவிடும். முக்கியமான இடம் கொக்கி. சுடுவதற்கு முன்பே மண்ணுக்குள் கம்பி வளையத்தைப் புதைத்துச் சுட்டதை வாங்குங்கள். பின்னால் பசை போட்டு ஒட்டியது ஈரத்திலும் சூட்டிலும் விட்டுப்போகும். காது அரிக்கிறதென்றால் பழி மண்மீது இல்லை, மலிவான கொக்கியில் உள்ள நிக்கல். வெள்ளிக் கொக்கியோ சர்ஜிக்கல் ஸ்டீல் கொக்கியோ தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இணைப்பு வளையத்தைக் குறடால் பக்கவாட்டில் திருப்பித் திறக்க வேண்டும். இருபுறமும் அகட்டி இழுத்தால் வட்டம் கெட்டுச் சரியாக மூடாது, வழியில் எங்கேயோ ஒற்றை ஜிமிக்கி விழுந்திருக்கும்.

சுடுமண் மாலையைப் பயணத்தில் போடாதீர்கள். முதுகுப்பையின் பட்டை பின்கழுத்து மணிகளை ஒவ்வொன்றாக நொறுக்கும், கறுப்புக் கயிற்றின் சாயம் வியர்வையில் ரவிக்கை விளிம்பில் இறங்கும். அந்த இடத்துக்குப் பாசிமணி. கோயில் வாசல்களிலும் பஸ் நிலையங்களிலும் நரிக்குறவப் பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே கோத்துக் கொடுக்கும் மாலைகள் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அஞ்சாதவை. கண்ணாடி மணியா பிளாஸ்டிக்கா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி சில்லென்று இருக்கும், கனமாகவும் இருக்கும். ஐந்தாறு மணிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ரயில் பெட்டி முழுக்க மணி உருளாது. கூடுதல் நேரம் பிடிக்கும் வேலை, அதற்கான காசை முகம் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள்.

ஜிமிக்கிகளைப் பஞ்சு வைத்த சிறு தகர டப்பாவில், ஒன்றோடொன்று உரசாமல், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் அதன்மேல் யாராவது உட்காருவார்கள். இரண்டாக உடைந்தது என்றால் இரண்டு குழாய்களாக வரும் அரால்டைட்டைச் சம அளவில் குழைத்து ஒட்டி, ஓரிரவு அசைக்காமல் வைத்தால் பிடித்துக்கொள்ளும். தூளாகிவிட்டால் கொக்கியைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த ஜோடிக்கு ஆகும்.