இஷாப்பூர் 2ஏ1: பல வருடம் சுட்டுப் பார்த்த பிறகு

டெக்சாஸில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு இந்த 2ஏ1 ரைஃபிளைக் கொண்டுபோனால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பழைய த்ரீ நாட் த்ரீயை (.303) குடைந்து 7.62 ஆக்கியதுதானே?" இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்றே புதிதாகச் செய்தது. உருவம்தான் முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ரைஃபிளான லீ என்ஃபீல்டு. இந்தத் தோட்டாவில் அழுத்தம் கூடுதல் என்பதால் எஃகையே மாற்றினார்கள்.

பளபளப்பை எதிர்பார்த்து வாங்காதீர்கள். என்னுடையதில் போல்ட்டின் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) மேல் அரம் ஓடிய கோடுகள் அப்படியே தெரிகின்றன, கட்டையில் யாரோ அவசரமாக அடித்த கறுப்பு பெயின்ட் வேறு. ஆனால் முன்கட்டையின் குறுக்கே போகும் அந்த ஸ்க்ரூவைப் பாருங்கள். மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூர்காரர்கள் சேர்த்தது. அழகில்லை, வேலை செய்கிறது.

சுடுவதற்கு அருமை. போல்ட் வழுக்கிக்கொண்டு போகிறது. .303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும், மேகசினில் வரிசை மாறிப் போட்டால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். இதில் அந்தத் தொல்லையே இல்லை, 10 தோட்டாவும் சுகமாக ஏறும். குறிபார்க்கும் பின் சைட் 800 மீட்டர் வரை, என் கண்ணுக்கு அதுவே ஜாஸ்தி. கடையில் கிடைக்கும் .308 வின்செஸ்டர் தோட்டா இதில் பொருந்தும், இருந்தாலும் நான் போடுவதில்லை. 7.62 நேட்டோ மட்டும்தான்.

சேகரிப்பு மதிப்பு? லீ என்ஃபீல்டின் பிரிட்டிஷ் நம்பர் 4 மாடலுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்கு இன்னும் வரவில்லை. 'இந்தியச் சரக்கு' என்று ஒரு காலத்தில் கொள்ளை மலிவாகத் தள்ளினார்கள். அந்த விலை இனி வராது. இறக்குமதி செய்தவர்கள் ஏகப்பட்ட ரைஃபிள்களின் குழலை வெட்டி 'ஜங்கிள் கார்பைன்' என்று விற்றார்கள். அது சுட ஜாலி, சேகரிப்பாளர் சீந்தமாட்டார். வெட்டாத குழல், ரிசீவரிலும் (போல்ட் ஓடும் உடல்பகுதி) போல்ட்டிலும் ஒரே எண், தெளிவான ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) முத்திரை, ஆண்டு, இவை இருந்தால் பெயின்டைப் பற்றிக் கவலைப்படாமல் எடுக்கலாம். எண் மாறியிருந்தால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

அப்புறம், ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 7.62 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். உரிமம் உள்ளவர்களுக்கு இஷாப்பூரின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் இருக்கிறது. அதுவும் லீ என்ஃபீல்டு வம்சம்தான்.