தரையைத் துளைத்துப் பார்க்காதவரிடம் கார் லிஃப்ட் வாங்காதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வீட்டுக் கார் போர்ச்சில், வண்டியைத் தூக்கி அடியில் வேலை பார்க்க நட்ட இரட்டைத் தூண் லிஃப்ட் பதினோராம் நாளே பெயர்ந்தது. மேலே ஹைலக்ஸ் பிக்கப் வண்டி, சக்கரம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். இடது தூணைத் தரையோடு பிடித்திருந்த வெளிப்பக்க ஆங்கர் போல்ட் இரண்டும் டைல்ஸைப் பிளந்துகொண்டு எழும்பின. தூண் ஒரு சாண் அளவு உள்ளே சாய்ந்தது. அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் யாரும் இல்லை. அதனால் மட்டுமே இன்று இதை எச்சரிக்கையாக எழுத முடிகிறது, இரங்கல் செய்தியாக அல்ல.

“புதுசுண்ணே, நாலு டன் தாங்கும், ஒரே நாள்ல ஃபிட்டிங் முடிச்சிடுவோம்” என்பது விற்றவர் சொன்ன சொல். வந்த அன்று டேப் பிடித்து அகலத்தை அளந்தார், முன்பணத்தை வாங்கினார், போய்விட்டார். தரை எத்தனை அங்குலம், அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. லிஃப்ட்டைக் கழற்றியபோது தெரிந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். சுற்றுவட்டாரத்தில் இதே ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்; இதே முறையில் விற்பவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள்.

முதலில் தரை. மேலே டைல்ஸ் 10 மில்லிமீட்டர், அதற்கடியில் ஒட்டுச் சாந்து 40. உண்மையான கான்கிரீட் வெறும் 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். உள்ளே ஒற்றை பி.ஆர்.சி வலை (எஃகுக் கம்பி வலை). அதற்கும் கீழே கொட்டிய மண் அமுங்கி, ஸ்லாப்புக்கும் (கான்கிரீட் தளத்துக்கும்) மண்ணுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. கார் நிறுத்த இந்தத் தரை போதும். லிஃப்ட் நட இது தரையே அல்ல. 150 மில்லிமீட்டர் போல்ட்டில் தகடும் நட்டும் போக 125 உள்ளே இறங்கியிருந்தது. போல்ட் பிடிப்பது அதன் அடி நுனியில் விரியும் வளையத்தால்தான். அந்த வளையம் கான்கிரீட்டின் கீழ் விளிம்பில், அடியிலுள்ள இடைவெளியை ஒட்டி இருந்தது. நட்டை முறுக்கியபோது கெட்டியாக இருப்பதுபோல் தோன்றியதற்குக் காரணம் டைல்ஸும் சாந்தும் நெரிந்ததே.

வெளிப்பக்கப் போல்ட் ஏன் முதலில் போனது? இரட்டைத் தூண் லிஃப்ட்டில் பாரம் தூணின் மேல் நேராக இறங்குவதில்லை. தூணிலிருந்து நீளும் கைகள் உள்பக்கம் நீண்டு வண்டியைச் சுமக்கின்றன. ஹைலக்ஸ் இரண்டு டன் என்றால் தூணுக்கு ஒரு டன், அதுவும் தூணிலிருந்து ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் தள்ளி. அடித்தகட்டில் உள்பக்கப் போல்ட்டுக்கும் வெளிப்பக்கப் போல்ட்டுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர் அளவுதான். கணக்குப் போட்டால் வெளிப்பக்க வரிசையை மேல்நோக்கி இழுக்கும் விசை இரண்டரை டன். இரண்டு போல்ட் பங்கிட்டாலும் ஒவ்வொன்றிலும் ஒரு டன்னுக்கு மேல். ஒவ்வொரு முறை வண்டி ஏறும்போதும் அந்தப் போல்ட்டுகளைப் பிடுங்கும் முயற்சி நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பெரும்பாலான கையேடுகள் குறைந்தது 100 மில்லிமீட்டர், பல 150 மில்லிமீட்டர் தனிக் கான்கிரீட் கேட்கின்றன. டைல்ஸும் சாந்தும் அதில் சேராது. விரிசலிலிருந்தும் ஸ்லாப் விளிம்பிலிருந்தும் 150 மில்லிமீட்டராவது தள்ளித்தான் துளை போட வேண்டும்.

தரையைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு தூணும் நிற்கப்போகும் இடத்தில் இரண்டு துளை, 10 மில்லிமீட்டர் கான்கிரீட் பிட், ஹேமர் டிரில். அடியில் எதிர்ப்பு சட்டென்று விடும்போது நிறுத்துங்கள். கெட்டிக் கம்பியின் நுனியை எல் வடிவில் வளைத்து உள்ளே விட்டு, ஸ்லாப்பின் அடியில் கொக்கி மாட்டி இழுத்து, மேல்மட்டத்தில் கம்பியில் கோடு போடுங்கள். அந்த நீளத்திலிருந்து டைல்ஸையும் சாந்தையும் கழித்தால் மிஞ்சுவதுதான் கான்கிரீட். கம்பி அடியில் தங்குதடையின்றி ஆடினால் மண் இறங்கிவிட்டது என்று பொருள். துளைக்கும் முன் தண்ணீர்க் குழாய் ஓடும் வழியையும், பழைய வீடானால் செப்டிக் டேங்க் எங்கே என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து மக்கள் வாங்கிய பழைய மலிவு வீடுகள் பலவற்றில் டேங்க் வாசலிலேயே இருக்கும். பின்னாளில் போர்ச்சை நீட்டும்போது அதன் மேல் ஸ்லாப் போட்டிருப்பார்கள்.

கீழ்ப்பேராக்கின் அடிமண் இளகிய களிமண். 1885-இல் எழுப்பிய நம் தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்ததும் அடிமண் தாங்காததால்தான். தரை போதவில்லை என்றால் வழி ஒன்றே: ஸ்லாப்பை வெட்டி எடுத்து, இரண்டு தூணையும் இணைக்கும் ஒரே அடித்தளம் போடுவது. 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 300 மில்லிமீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் கான்கிரீட். கான்கிரீட்டின் வலு கிரேட் 25-க்குக் குறையாமல், மேலும் கீழும் இரட்டை வலை. நம் மண்ணுக்கு பக்காவ் கம்பு (அடிமண்ணில் இறக்கும் சதுப்புநில மரக்கம்பு) அடிக்க வேண்டுமா என்பதைக் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். லிஃப்ட் விற்பவர் அல்ல. ஊற்றியபின் 28 நாள் பொறுக்க வேண்டும். “ஒரு வாரத்துல நட்டுடலாம்” என்பவருக்கு உங்கள் உயிரைவிட அவருடைய அடுத்த வேலை பெரிது.

அடுத்து லிஃப்ட். புதியது என்று விற்றது பழையது. நீலப் பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் சிவப்பு. பெயர்ப் பலகை புதிதாக ரிவெட் அடித்தது. அதிலிருந்த எண்ணும் தூணில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. இதைவிடக் கொடுமை, போர்ச் கூரைக்கு உயரம் போதாது என்று தூணின் தலையை 40 சென்டிமீட்டர் அறுத்து, மேல் குறுக்குச் சட்டத்தை மறுபடி வெல்டிங் செய்திருந்தார்கள். தூணை அறுத்தால் போவது உயரம் மட்டுமல்ல. மேல் கப்பிகளின் இடம் மாறுகிறது, இரு பக்கக் கைகளையும் ஒன்றாக ஏற்றும் சமநிலைக் கேபிளின் நீளம் பொருந்தாமல் போகிறது, ஒரு பக்கக் கை முந்தி ஏறுகிறது. வண்டி சாய்ந்தே ஏறும். வெல்டிங் செய்த லிஃப்ட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய லிஃப்ட்டே வாங்குவதானால் பெயின்ட் அடிக்காததை வாங்குங்கள். துரு பொய் சொல்லாது. நம் பக்கம் வெள்ளம் ஏறும் ஊர். தூணின் அடி ஒரு சாணைச் சுத்தியால் தட்டுங்கள், மொத்தையான ஓசை வந்தால் உள்ளே அரித்திருக்கிறது. கேபிளில் துணியைச் சுற்றி இழுங்கள்; நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. மேலே தூக்கும்போது இரண்டு தூணின் பாதுகாப்புப் பூட்டும் ஒரே நேரத்தில் ‘டக்’ என்று விழ வேண்டும். வண்டியை ஒரு அடி மட்டும் தூக்கி, பூட்டில் இறக்காமல், தூணில் டேப் ஒட்டிக் குறியிட்டுக் கால் மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போய்விட்டது. ஹைட்ராலிக் இல்லாத திருகு வகையில் பாரம் தாங்கும் நட்டுக்கும் அடியிலுள்ள பாதுகாப்பு நட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். தேயத் தேய அது குறையும். இரண்டும் ஒட்டிவிட்டால் அது ஓட்டக்கூடிய லிஃப்ட் அல்ல.

மோட்டாரிலும் ஏமாற்று. பலகையில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 60-க்குச் செய்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், அதற்குமேல் சூடாகும். அதையும் 13 ஆம்பியர் பிளக்கில், நீட்டிப்பு ஒயரில் மாட்டியிருந்தார்கள். 2.2 கிலோவாட் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போதே 14 ஆம்பியர் அளவு இழுக்கும். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. டி.பி. பெட்டியிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) தனி ஒயர், தனி எம்.சி.பி (தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்), பதிவு பெற்ற ஒயர்மேன் கையால். மூன்று ஃபேஸ் மோட்டாரைக் காட்டி “கெப்பாசிட்டர் போட்டு ஓட்டிடலாம்” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாரத்தோடு கிளம்பத் திணறும்.

உண்மையில் அந்த வீட்டுக்கு இரட்டைத் தூண் தேவையே இல்லை. கூரை உயரம் மூன்று மீட்டர்கூட இல்லை. வண்டியின் உயரத்தோடு தூக்க வேண்டிய உயரத்தைக் கூட்டுங்கள், ஹைலக்ஸ் 1.8 மீட்டர், அடியில் நிமிர்ந்து நிற்க இன்னொரு 1.8, மொத்தம் 3.6. கூரை அதைவிடத் தாழ்வானால் ஒரு மீட்டர் வரை தூக்கும் கத்தரி வகை லிஃப்ட் போதும். டயர், பிரேக், எண்ணெய் மாற்றும் வேலை எல்லாம் அதில் நடக்கும், பாரமும் தரையில் பரவும். கியர் பாக்ஸ் இறக்க மட்டும் நடுவில் இடம் இடிக்கும். இதைச் சொன்னால் விலை குறைந்த சாமானை விற்க வேண்டிவரும் என்பதால் விற்றவர் சொல்லவில்லை.

‘4 டன்’ என்ற எண்ணையும் புரிந்துகொள்ளுங்கள். அது நான்கு கைக்கும் சேர்த்து. ஒரு கைக்கு ஒரு டன். பின்பெட்டியில் சாமானோடு ஹைலக்ஸைத் தூக்கினால் பாரம் நான்காகச் சமமாகப் பிரியாது. ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சி.இ. ஒட்டுத்தாளை யாரும் அச்சடிக்கலாம். வாகன லிஃப்ட்டுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1493, அந்த எண்ணும் உங்கள் மாடல் எண்ணும் சேர்ந்திருக்கும் சான்றிதழைக் கேளுங்கள்.

இந்த விற்பனையில் கையில் இருந்தது ஒரு கேஷ் பில், அதில் ‘லிஃப்ட் 1’ என்று மட்டும். மாடல் இல்லை, புதியதா பழையதா என்று இல்லை. பணம் முழுவதும் நட்ட அன்றே போய்விட்டது. நீங்கள் வாங்கும்போது மாடல், வரிசை எண், ‘புதியது’ என்ற சொல், ‘வீட்டு உபயோகத்துக்கு’ என்ற குறிப்பு, கான்கிரீட் தடிமன் ஆகியவற்றைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஐந்தில் ஒரு பங்குப் பணத்தை, உங்கள் வண்டியை ஏற்றி இறக்கிக் காட்டும் வரை கொடுக்காதீர்கள். பில்லை உங்கள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். பட்டறைப் பெயரில் போட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ‘இது தொழில் சாதனம்’ என்று வாதாட அவருக்கு வழி கிடைத்துவிடும். அந்த மன்றத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். துளையின் ஆழம், போல்ட், பெயர்ப் பலகை, மோட்டார் பலகை எல்லாவற்றையும் கழற்றும் முன் படம் எடுத்து வையுங்கள்.

இப்படி நட்ட லிஃப்ட் உங்கள் வீட்டில் ஏற்கெனவே நின்றால், இன்றைக்கே வண்டியை இறக்கிவிட்டு வெளிப்பக்க நட்டுகளில் டார்க் ரெஞ்சை (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானரை) வையுங்கள். கையேட்டில் போட்ட அளவை எட்டாமல் நட்டு சுற்றிக்கொண்டே போனாலோ, அடித்தகட்டைச் சுற்றி டைல்ஸில் மயிரிழை விரிசல் கண்டாலோ, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். பழைய துளையிலேயே பெரிய போல்ட்டை அடித்து ஒப்பேற்ற வருபவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.